ராஜா இடித்த கோட்டை

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், பிள்ளைகளே, ஒரு மலை. மலை மேலே ஒரு கோட்டை. கோட்டைக்குள்ளே ஒரு ராஜா. பேர் வேங்கையரையன்.

அவனுக்கு எல்லாம் இருந்தது, நிம்மதி மட்டும் இல்லை. சின்ன வயதில் எதிரிகள் மதில் ஏறிக் குதித்து அவன் அப்பாவை வெட்டியதைக் கண்ணால் பார்த்தவன். பாவம், அந்தப் பயம் போகவே இல்லை. மதில் எவ்வளவு உயர்ந்தாலும் போதாது. இன்னும் ஒரு வரிசை, இன்னும் ஒரு வரிசை என்று ஏற்றிக்கொண்டே இருந்தான்.

மலையில் கல் உடைக்க நாளாகுமே என்று முதலில் ஊர்க் கிணற்றுக் கல்லைப் பெயர்த்தான். அப்புறம் ஏரிக்கரைக் கல்லைப் பெயர்த்தான். அதுவும் போதாமல் வீட்டுக்கு வீடு அம்மியை எடுத்தான்.

பூவாத்தா என்று ஒருத்தி, கைக்குழந்தைக்காரி. கல்யாணத்தன்று அவள் கால் வைத்து மிதித்த அம்மியையும் தூக்கிப் போனார்கள். உள்ளே இருக்கிற ஒருத்தருக்கு எத்தனை கல்லுதான் வேணுமோ என்றாளாம். ராஜா காதில் விழுந்தது. கேட்காத மாதிரி இருந்துவிட்டான்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து எதிரிப் படை வருவதாகச் சேதி வந்தது.

ஆபத்து என்றால் கோட்டையில் முரசு அடிப்பார்கள். ஊரே மேலேறி வந்து மதிலில் நிற்கும். அதுதான் வழக்கம். முரசு அடித்தார்கள். யாரும் வரவில்லை. மறுபடி அடித்தார்கள். வரவில்லை. இன்னொரு தரமும் அடித்துப் பார்த்துவிட்டு, கோபத்தில் தலைப்பாகைகூட இல்லாமல் ராஜாவே மலையிறங்கி ஓடினான்.

ஊர் முழுக்க ஏரிக்கரையில் நின்றது. கல் பெயர்த்த இடத்தில் கரை கரைந்துகொண்டிருந்தது. கொட்டக் கொட்ட மண்ணைத் தண்ணீர் இழுத்துப் போனது. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு மண் சுமந்த பூவாத்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"எதிரி வந்தா ஓடிப் பொழைச்சுக்கலாங்க. ஏரி வந்தா எங்கே ஓடுறது?"

ராஜா மதிலைப் பார்த்தான். அப்பா முகம் கண் முன்னால் வந்தது. ஆனாலும் சொன்னான்.

"மதிலை இடிங்க."

காவல்காரர்கள் மதிலை இடித்துக் கல்லைச் சரிவில் உருட்டினார்கள். ராஜாவும் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, சேற்றில் இறங்கிக் கல் சுமந்தான். கரை நின்றது.

எதிரிப் படை வந்தது. படைத்தலைவன் மலையைப் பார்த்தான். நமக்கு முன்னாலேயே யாரோ வந்து சூறையாடிவிட்டார்களே என்று முகம் வாடிப்போனான். உங்கள் ராஜா எங்கே என்று கேட்டான். ஊர் வாயைத் திறக்கவில்லை. அவன் கண் சுற்றிச் சுற்றி வந்து, உள்ளங்கை கிழிந்து ரத்தம் வடிய நின்ற ஒருவன் மேல் நின்றது.

"இவன் யாரு?"

பக்கத்தில் நின்ற பூவாத்தா ஒரு வார்த்தை சொன்னால் போதும், ராஜா தலை போய்விடும். அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவனா? என் கொழுந்தன். உக்காந்து தின்ன உடம்பு. ஒரு கல்லைத் தூக்கச் சொன்னா கையைக் கிழிச்சுக்கிட்டு நிக்குது."

வீரர்கள் சிரித்தார்கள். இடிந்த கோட்டையில் என்ன மிஞ்சியிருக்கப்போகிறது என்று, வந்த வழியே நனைந்துகொண்டு போனார்கள்.

ராஜா அந்த மதிலை மறுபடி கட்டவே இல்லை. கீழேயே ஒரு வீடு கட்டிக்கொண்டு, கதவைத் திறந்து வைத்துத் தூங்கினான். அதனால்தான் அந்தக் கோட்டை இன்றைக்கும் இடிந்து கிடக்கிறது. ஏரி மட்டும் ததும்பி நிற்கிறது.

ஆகவே பிள்ளைகளே, ஜனங்களைக் காப்பாற்றுகிற ராஜாவுக்கு அந்த ஜனங்களே காவல்.