நனைந்த பஞ்சும் காய்ந்த தலைப்பாகையும்

முன்னொரு காலத்தில் கொன்றை நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்பது சும்மா மரியாதைக்கு. காதில் கடைசியாக விழுந்த பேச்சுதான் அவனுக்குச் சட்டம்.

அரண்மனைக்கு நூல் நூற்றுக் கொடுத்தவர்கள் களஞ்சிய அதிகாரி தாண்டவராயனின் மச்சான் ஆட்கள். முடிச்சு முடிச்சாக நூல். வேட்டி உறுத்தி ராஜாவுக்கு இடுப்பெல்லாம் தடிப்பு. மந்திரி நல்லமுத்து அந்த வேலையை ராட்டைத் தெருப் பெண்களுக்கு மாற்றிவிட்டார். தாண்டவராயனுக்கு வயிறு எரிந்தது.

சில நாளில் அவன் தராசோடு சபைக்கு வந்தான். கொடுத்த பஞ்சைவிட வந்த நூல் எடை குறைவு, பெண்கள் திருடுகிறார்கள் என்றான். ராஜா விசாரித்தானா? எங்கே! நூற்பவர்களில் மூத்தவள் சிகப்பாயியை இழுத்து வரச்சொல்லி, சபை நடுவே திருடி என்றான். தெருவிலுள்ள ராட்டைகளை எல்லாம் அன்று மாலையே எரிக்க உத்தரவு. ராட்டை போனால் அத்தனை வீட்டிலும் உலை கொதிக்காது. அதைப்பற்றி யாருக்கு என்ன?

பஞ்சு ஈரமாக வந்தது, காயவைத்துத்தான் நூற்றோம் என்று சிகப்பாயி சொல்லிப் பார்த்தாள்.

"பஞ்சு என்ன, குளித்துவிட்டா வந்தது?" என்றான் தாண்டவராயன். சபையே சிரித்தது.

மந்திரி மட்டும் சிரிக்கவில்லை. திருட்டைப் பிடித்தவருக்குப் பன்னீர் தெளித்து மரியாதை செய்ய வேண்டாமா என்று கேட்டார். ராஜாவுக்குக் குஷி. மந்திரி தெளிக்கவா செய்தார்? ஒரு சொம்புப் பன்னீரைத் தாண்டவராயன் தலைப்பாகையில் அப்படியே கவிழ்த்தார். பிறகு, இது ராஜா கொடுத்த தலைப்பாகை, எடை தெரிந்திருக்கட்டும் என்று அதைக் கழற்றி அதே தராசில் வைத்து நிறுத்து, வெயிலில் போட்டார். ராஜா சாப்பிட்டு வந்ததும் மறுபடி நிறுத்தார். தட்டு மேலே போய்விட்டது.

"ராஜா கொடுத்த துணியில் ஒரு பங்கைக் காணோமே. எங்கே ஒளித்தீர், தாண்டவராயரே?"

"நன்றாயிருக்கிறது! ஈரம் காய்ந்தால் எடை குறையாதா? இதுகூடவா மந்திரிக்குத் தெரியாது?"

"எனக்குத் தெரியும். உமக்கும் தெரியும் என்பதை ராஜா உம் வாயாலேயே கேட்கட்டும் என்றுதான்."

அடுத்து நிறுத்துக் கொடுக்க வைத்திருந்த பஞ்சு மூட்டையைக் களஞ்சியத்திலிருந்து கொண்டுவரச் செய்தார். ராஜாவே உள்ளே கைவிட்டான். விரல் நனைந்து வந்தது. ராட்டைகளை எரிக்கும் உத்தரவும் தாண்டவராயனின் பதவியும் அங்கேயே போயின. இனி பஞ்சு காயப்போடுவதும் வில்லால் அடித்துக் கொட்டுவதும் அவன் வேலை, ராட்டைத் தெருப் பெண்கள் சொன்னபடி.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். சிகப்பாயிக்குப் பட்டுப்புடவை கொண்டுவரச் சொன்னான். அவள் கை நீட்டவில்லை.

"புடவை இருக்கட்டும் மகாராஜா. திருடி என்று சொன்னது உங்கள் வாய். இல்லை என்றும் அதே வாய் சொல்லட்டும், இதே சபையில்."

மந்திரி கூரையைப் பார்த்தார். ராஜா நெளிந்தான், தொண்டையைச் செருமினான். கடைசியில் சிம்மாசனத்தை விட்டு எழுந்து நின்று சொன்னான்.

பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம். சிகப்பாயி இன்னொரு தரம் சொல்லவைத்தாள்.