கடைசிச் சரணத்தில் ஒரு பெயர்

ஆர்மீனியாவில் வார்செனிக்கின் பாட்டைக் கேட்காத காது இல்லை. கல்யாண வீடுகளில் பாடத் தொடங்கியவள். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, பின்னாளில் மைதானங்களை நிரப்பியவள். அவளுக்கு அக்கார்டியன் வாசித்துக்கொண்டே அவளிடமே பாட்டு எழுதக் கற்ற சீடன் குர்கென்; அவளை ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவான்.

அந்த நாட்டுப் பழைய பாணர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசிச் சரணத்தில் தன் பெயரை வைத்துத்தான் பாட்டை முடிப்பார்கள். குர்கெனும் தன் முதல் பாட்டில் அப்படியே வைத்தான். சில மாதங்களாக அது ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்தது.

கியும்ரி நகரத்தில் கச்சேரி. அன்று மாலை அவன் முதன்முறையாக மேடையில் தனியாகப் பாட வேண்டும். காலையில் ரொட்டி வாங்கப் போனவன் முகம் சிவந்து திரும்பினான். அந்தக் கோபத்திலும் ரொட்டியை மறக்கவில்லை.

“அம்மா, இன்னிக்கு நான் பாடல.”

“ஏன், தொண்டை கட்டிக்கிச்சா?”

“ரொட்டிக் கடையில ஒரு பொம்பளை மாவு தட்டிக்கிட்டே என் பாட்டைப் பாடறா. கடைசியில என் பேரைத் தூக்கிட்டு ‘ஆரம்’னு பாடறா.”

“யாரு ஆரம்?”

“அவ மகனாம். எல்லையில காவல்ல இருக்கானாம். நான் ராத்திரி பகல் பாக்காம எழுதின பாட்டும்மா!”

“மெட்டை மாத்தினாளா?”

“இல்ல.”

“வார்த்தையை?”

“இல்ல. பேரை மட்டும்தான்.”

வார்செனிக் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“நல்லா வெந்திருக்கு. சரி, பாட வேணாம். எனக்கு வாசிப்ப இல்ல? இன்னிக்கு மட்டும் அக்கார்டியன் கட்டையையே பாத்து வாசிக்காத. தலையைத் தூக்கி வாசி.”

மாலையில் அவள் தன் பாட்டுகளிலேயே பிரபலமானதைப் பாடினாள். கடைசிச் சரணத்தில், பெயர் வரவேண்டிய இடத்தில், எப்போதும்போல் வாயை மூடிக்கொண்டாள். எப்போதும்போல் கூட்டம் இரைந்தது. அது வெறும் ஆரவாரம் என்றே குர்கென் இத்தனை வருஷம் நினைத்திருந்தான்.

தலையைத் தூக்கிப் பார்த்தான். ஒவ்வொரு வாயும் ஒவ்வொரு பெயரைப் பாடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு “அனாஹித்” என்று பாடினார். பக்கத்தில் ஒரு சிறுமி கூச்சமே இல்லாமல் தன் பெயரையே பாடினாள்.

கைதட்டல் ஓய்ந்ததும் குர்கென் தானாகவே மைக்கின் முன் வந்து நின்றான். தன் பாட்டைப் பாடினான். தன் பெயர் வரும் இடத்தில் நிறுத்தினான்.

மைதானம் அமைதியாக இருந்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது. “ஆரம்!”

அதன் பிறகு மைதானம் முழுக்கப் பெயர்கள்.

மேடையை விட்டு இறங்கியபோது அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வார்செனிக்கிடம் போய் நின்றான்.

“நீங்க உங்க பேரை வைக்காததை அடக்கம்னு நினைச்சிட்டிருந்தேம்மா.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

“அடக்கமா? எனக்கா? என் கர்வத்துக்கு ஒரே ஒரு பேரு எந்த மூலைக்குடா!”