அந்தந்தக் கிணற்றுக்கு

“நாலு மாசமா தண்ணிதான் வடிகட்டறேன் அம்மா. விரதம் எப்ப குடுப்பீங்க?”

கேட்டவர் ஸ்ரீபாலன். அவருக்கு அறுபத்திரண்டு வயது. பதில் சொல்ல வேண்டிய தேவசேனை அம்மாவுக்கு நாற்பதைத் தாண்டியிருக்காது. குன்றடியில் இருந்த அந்தச் சிறிய சமண மடம் அவர் பொறுப்பில் இருந்தது. விரதம் என்னும் துறவு உறுதிமொழியை அவர்தான் தர வேண்டும்.

அம்மா பயற்றில் வண்டு பொறுக்கிக்கொண்டிருந்தார். பொறுக்கிய வண்டுகளை நசுக்காமல் ஒரு கொட்டாங்குச்சியில் விட்டார்.

“விரதம் வாங்கி என்ன செய்யப் போறீங்க?”

“வாங்கினவங்க கடைசிவரைக்கும் இங்கயே இருக்கலாம்னாங்க. ஊருக்குத் திரும்ப வேண்டியதில்லைன்னாங்க.”

“ஊர்ல என்ன?”

“ஒண்ணுமில்ல அம்மா.”

அம்மா அடுத்த பிடிப் பயற்றை முறத்தில் பரப்பினார்.

வெளியே வந்ததும் சமையற்காரன் நேமிராஜன் சிரித்தான். “என்ன மொதலாளி, கிடைச்சுதா?”

“இல்ல.”

“உங்க சாயப்பட்டறையில வேலைக்கு ஆள் எடுத்தா நீங்க நாலு நாள்ல நிரந்தரம் பண்ணியிருப்பீங்களா? போங்க. தொட்டியில தண்ணி இல்ல.”

மடத்தில் வடிகட்டாத தண்ணீரை யாரும் தொடுவதில்லை. அது ஸ்ரீபாலனும் சிறுவயதில் வீட்டில் பார்த்ததுதான். தடித்த பருத்தித் துணியை இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி ஊற்ற வேண்டும். அத்தோடு முடியாது. துணியில் தங்கிய கண்ணுக்குத் தெரிந்த, தெரியாத உயிர்களை, துணியைத் திருப்பிப் பிடித்து, வடிகட்டிய நீராலேயே ஒரு சின்னச் செம்பில் அலசி இறக்க வேண்டும். பிறகு அந்தச் செம்பைக் கிணற்றுக்குள் விட வேண்டும். செம்பின் அடியில் இன்னொரு கயிறு உண்டு. செம்பு நீரைத் தொட்ட பிறகு அதை இழுத்தால் மெல்லக் கவிழும்.

முதல் நாள் ஸ்ரீபாலன் மேலிருந்தே ஊற்றிவிட்டார்.

“நாலு மாடியிலேருந்து உங்களத் தள்ளினா எப்படி இருக்கும்?” என்றான் நேமிராஜன்.

அதைக் கற்றுக்கொண்டார். பிறகு இன்னொரு தப்பு நடந்தது. மடத்தில் இரண்டு கிணறுகள். ஒருநாள் மேல்கிணற்றில் இறைத்தவர், வெயிலுக்குச் சோம்பி, அலசியதைக் கீழ்க்கிணற்றில் விட்டார். தண்ணீரும் தண்ணீரும் ஒன்றுதானே என்று நினைத்தார்.

அன்று அம்மா சாப்பிடவில்லை. ஏன் என்று சொல்லவுமில்லை. நேமிராஜன்தான் வந்து சொன்னான்.

“இந்தக் கிணத்துல பொறந்தது அந்தக் கிணத்துல பொழைக்காது மொதலாளி. உப்பு வேற, குளிர் வேற. அதது அந்தந்தக் கிணத்துக்கே போகணும்.”

அதன்பின் ஸ்ரீபாலன் ஒருநாளும் தவறவில்லை. செம்பு நீரில் சிவப்புப் புள்ளியாய் ஓடுவதை, நூல்போல நெளிவதைக் குனிந்து பார்ப்பார். அது உள்ளே இறங்கிப் போகும்வரை கிணற்றடியிலேயே நிற்பார். அந்த நேரம் மட்டும் அவருக்கு நெஞ்சில் ஒன்றும் அடைக்கவில்லை.

விரதம் கேட்ட மறுநாள் காலை அம்மாவே கூப்பிட்டார்.

“உங்க ஊர்க் கிணத்துலேருந்து ஒரு குடம் தண்ணி கொண்டாங்க. நான் பார்க்க வடிகட்டுங்க. விரதம் தர்றேன்.”

ஸ்ரீபாலன் கையிலிருந்த வடிதுணியைப் பிரித்து மறுபடி மடித்தார்.

“ஊர்ல கிணறு இருக்குதில்ல?”

“இருக்கு.”

“பின்னே?”

அவர் பஸ் ஏறினார்.

ஊரில் அவர்கள் குடும்பத்துக்கு இரண்டு கிணறுகள் இருந்தன. ஸ்ரீபாலனுடையது வற்றிப்போனது. சாயப்பட்டறை போட்டபோது கழிவு நீரை ஒரு குழாய் வழியாக அதில்தான் இறக்கினார். யார் கண்ணிலும் படாது. பட்டறையை மூடியபோது கிணற்றையும் மண் போட்டு மூடினார்.

இன்னொன்று, ரெண்டு வயல் தள்ளி, அண்ணன் தரணேந்திரனுடையது.

பட்டறை போட்ட நாலாம் வருஷம் அண்ணன் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியது. ஊரார் பட்டறையைக் கைகாட்டினார்கள். அண்ணன் தெருவில் நின்று சண்டை போட்டார். “எந்தம்பி அப்படி எதாவது செஞ்சிருந்தா முதல்ல எங்கிட்டதான் சொல்லியிருப்பான்.” சொன்னதோடு நிற்கவில்லை. எல்லோரும் பார்க்க ஒரு சொம்பு இறைத்துக் குடித்தார். வீம்புக்கு இன்னும் ஆறு மாதம் குடித்தார்.

ஸ்ரீபாலன் அப்போது பட்டறைக்குள் இருந்தார். சன்னல் திறந்திருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

அண்ணன் போய் மூன்று வருஷமாகிறது. தண்ணியால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அண்ணி வாசலில் நின்றிருந்தாள்.

“வாங்க,” என்றாள். முன்பெல்லாம் ‘வா தம்பி’ என்பாள்.

“ஒரு குடம் தண்ணி வேணும் அண்ணி. கிணத்துலேருந்து.”

“எதுக்கு?”

“வடிகட்ட.”

“அதுல என்னத்த வடிகட்டுவீங்க?”

அவர் குடத்தோடு கிணற்றடிக்கு நடந்தார்.

ராட்டினத்தில் கயிறு இல்லை. இறைத்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. அண்ணி துணி காயப்போடும் கொடியை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். அவர் கைநீட்டினார். அவள் கொடுக்கவில்லை. தானே வாளியில் கட்டி இறைத்து, தானே குடத்தில் ஊற்றினாள். தெறித்த துளியைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“நல்ல தண்ணி வேணும்னா பத்து மணிக்கு வேன் வரும். இருந்து பிடிச்சிட்டுப் போங்க.”

“இல்ல அண்ணி. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

பஸ்ஸுக்கு நேரம் ஆகவில்லை. ஒன்றரை மணி நேரம் நிழற்குடையில் குடத்தோடு உட்கார்ந்திருந்தார்.

மடத்து முற்றத்தில் அம்மா வந்து எதிரே அமர்ந்தார். நேமிராஜன் கரண்டியோடு வந்து நின்றான்.

ஸ்ரீபாலன் துணியை இரண்டாக மடித்தார். கட்டினார். ஊற்றினார். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. துணி கத்தரிப்பூ நிறமாயிற்று. திருப்பிப் பிடித்து அலசினார். செம்பை வெயிலுக்குக் காட்டிக் குனிந்தார்.

“என்ன இருக்கு?” என்றார் அம்மா.

“ஒண்ணுமில்ல அம்மா.”

“நல்லா பாருங்க.”

“ஒண்ணுமே இல்ல. ஒரு புழு கூட இல்ல.”

அவர் செம்பை அம்மாவின் பக்கம் சாய்த்துக் காட்டினார். “திருப்பி விடறதுக்கு இதுல ஒண்ணுமே இல்ல அம்மா.”

நேமிராஜன் கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

ஸ்ரீபாலன் செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். முற்றத்து ஓரத்தில் வாழை நின்றது. அதை நோக்கி இரண்டடி வைத்தார்.

“அதுக்கு ஊத்தாதீங்க!” என்று கத்திவிட்டான் நேமிராஜன். கத்திய பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

ஸ்ரீபாலன் நின்றார். வாழையைப் பார்த்தார், துளசியைப் பார்த்தார், எறும்பு ஊரும் வெறும் மண்ணைப் பார்த்தார். திரும்பி வந்து செம்பை முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். குழாயை, சன்னலை, அண்ணன் குடித்த சொம்புத் தண்ணீரை.

சொல்லி முடித்ததும் ஸ்ரீபாலன் கைகூப்பினார்.

“நீங்க கேட்டத செஞ்சுட்டேன் அம்மா. மறைக்காம சொல்லிட்டேன். இனியாவது என்னைய இங்க சேர்த்துக்கங்க. விரதம் குடுங்க.”

“தர்றேன்,” என்றார் அம்மா. “தண்ணி யார் இறைச்சுக் குடுத்தது?”

“அண்ணி.”

“தனியாவா இருக்காங்க?”

“ஆமாம்.”

“வயசு?”

“எழுபது இருக்கும்.”

“குடிக்க என்ன செய்யறாங்க?”

“வேன்ல வருது.”

“வேன் வீட்டு வாசல்வரைக்கும் வருமா? இல்ல, ரோட்லயே நின்னுடுமா? அங்கேருந்து குடத்த யார் தூக்கறாங்க?”

“தெரியல அம்மா,” என்றார் ஸ்ரீபாலன்.

அம்மா காலிக் குடத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.