கரிசலூர் கேபினில் பதினான்கு நிமிஷம்

“டீச்சர், எனக்கு எப்ப சந்திப்பு தருவீங்க?” என்று கேட்டார் பொன்னுலிங்கம். தபால் ஆபீஸ் கிளார்க். வயது ஐம்பத்து நாலு.

டீச்சர் ஜெனிட்டாவுக்குப் பதினேழு. ப்ளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்.

அவர் கேட்டது ரயில் சந்திப்பு; ஆனால் நிஜ ரயில் இல்லை. கம்ப்யூட்டரில் ஓடும் சிக்னல் விளையாட்டு; அதைச் சொல்லிக்கொடுப்பதால்தான் அவள் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆளுக்கு ஒரு கேபின், அவரவர் வீட்டில், காதில் ஹெட்போன். நாலு லைன் சேரும் சந்திப்பு ஜெனிட்டாவுடையது. அடுத்த ஸ்டேஷன் கரிசலூர், பொன்னுலிங்கத்துக்கு. அதற்கடுத்தது இன்னொரு ஆட்டக்காரன் பெவினுக்கு.

“ஒரு வருசமா கரிசலூர். போரடிக்குது.”

போரடிக்கும்தான். அதில் பொய் இல்லை.

“இன்னைக்கு லேட் இல்லாம ஓட்டுங்க அண்ணாச்சி. பாப்போம்.”

மூன்று மணி வரை ஒரு வண்டியும் லேட் இல்லை.

ஒரு கூட்ஸ் கரிசலூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. அப்போது பொன்னுலிங்கத்தின் வீட்டு வாசலில் கேஸ் சிலிண்டர் வந்தது. வாங்கி வைத்துவிட்டு ஓடி வந்தார். கூட்ஸ் போயிருந்தது.

“கரிசலூர், எக்ஸ்பிரஸ் நிக்குது. லைன் கிளியர் குடுங்க” என்றாள் ஜெனிட்டா.

பாதை காலி என்று அவர் ஒரு ரகசிய நம்பர் சொன்னால்தான் அவளால் எக்ஸ்பிரஸை விட முடியும். சொல்வதற்கு முன், கூட்ஸின் கடைசிப் பெட்டியில் தொங்கும் பலகையை அவர் பார்த்திருக்க வேண்டும். பலகை இல்லையென்றால் வண்டி நடுவில் அறுந்து, பாதிப் பெட்டிகள் பின்னால் பாதையிலேயே நிற்கின்றன என்று அர்த்தம்.

பார்த்தேன் என்று சொல்லலாம். யாருக்கும் தெரியாது.

“இல்ல டீச்சர்.”

“என்ன இல்ல?”

“கடைசிப் பெட்டியப் பாக்கல. சிலிண்டர் வாங்கப் போயிட்டேன்.”

“நான்தானே அனுப்புனேன். முழு வண்டிதான். நம்பரச் சொல்லுங்க.”

“நீங்க அனுப்புனீங்க. வந்தத நான் பாக்கலையே.”

பெவின் சிரித்தான். “அண்ணாச்சி, எக்ஸ்பிரஸ்ல ஒரு ஆளு கிடையாது. பொம்ம வண்டி. இதுக்குப் போயி கவுண்டர மூடுதீயளே.”

“தம்பி, கூட்ஸ் உன்கிட்ட வந்ததும் பலகை இருக்கான்னு பாத்துச் சொல்லு.”

“பதினாலு நிமிசம் ஆகும்.”

“ஆகட்டும்.”

“எனக்கு லேட் ஏறுது” என்றாள் ஜெனிட்டா. “சந்திப்பு வேணுமா, வேண்டாமா?”



“வேணும் டீச்சர். நம்பர் தர மாட்டேன்.”

எக்ஸ்பிரஸ் சந்திப்பிலேயே நின்றது.

பதினான்கு நிமிஷம்.

“பலகை இருக்கு” என்றான் பெவின். “முழு வண்டி. இதுக்குத்தானா?”

“லைன் கிளியர். நம்பர் நாப்பத்தேழு” என்றார் பொன்னுலிங்கம்.

ஆட்டம் முடிந்தபோது புள்ளிப் பட்டியலில் கரிசலூர்தான் கடைசி. அவர் ஹெட்போனைக் கழற்றப் போனார். அதற்குள் ஜெனிட்டா அடுத்த ஞாயிறுக்கான பட்டியலைப் போட்டுவிட்டாள்.

சந்திப்பு: பொன்னுலிங்கம்.

இரண்டு தடவை படித்தார்.

“டீச்சர், பேரு மாறிப் போச்சு. நான் கரிசலூர்லா?”

“கரிசலூர்ல நான் உக்காருதேன்.”

“நீங்களா? அந்த ரெண்டு லைன் ஸ்டேஷன்லயா?”

“பெறகு? பாக்காம நம்பர் தராத ஆளுக்குப் பக்கத்து கேபின்ல வேற ஆள உக்கார விடுவேனா?”