நாச்சியின் இரும்புச் சட்டி

நீலந்துறைக்கு முதன்முதலாக ஓர் இரும்புக் கப்பல் வந்தது. “இரும்பு மிதக்குமா? இது சூனியம்! அதில் ஏறுகிறவனை ஊரைவிட்டே துரத்த வேண்டும்” என்றார் ஆஸ்தான பண்டிதர் வித்யாரத்னம்.

கொல்லுப்பட்டறை நாச்சியின் கணவன் அந்தக் கப்பலில்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அவள் பதறிப்போய் அரசரிடம் ஓடினாள். “சூனியமெல்லாம் இல்லை மகாராஜா, எல்லாம் வடிவம்தான்.”

பண்டிதர் ஓர் இரும்புக்கட்டியை அரண்மனைக் குளத்தில் போட்டார். தொபுக்கென்று மூழ்கியது. “இதே இரும்பை மிதக்க விடு. மரம் கிரம் சேர்க்கக் கூடாது. முடியாவிட்டால் புருஷனோடு நீயும் கிளம்பு.”

நாச்சி கட்டியை எடுத்துப்போய் உலையில் காய்ச்சி, தட்டித் தட்டி அகன்ற சட்டியாக்கினாள். மறுநாள் குளத்தில் விட்டாள், மிதந்தது. தன் சுத்தியலையும் அதற்குள் வைத்தாள், அப்போதும் மிதந்தது.

“எப்படியம்மா?” என்று அரசர் குனிந்து பார்த்தார்.

“ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறதோ, அவ்வளவு பாரத்தைத் தண்ணீர் தாங்கும், மகாராஜா. கட்டி கொஞ்சம்தான் ஒதுக்கியது. குழிந்த சட்டி நிறைய ஒதுக்குகிறது. கப்பலும் பெரிய சட்டிதானே!”

“பொய்! ஏதோ மந்திரம் போட்டிருக்கிறாள்” என்று கத்தினார் பண்டிதர்.

“அப்படியா சாமி? மந்திரம் உங்களுக்குத்தானே அத்துப்படி. சட்டியை மறுபடி கட்டியாக அடித்துத் தருகிறேன், நீங்கள் மிதக்க விடுங்கள்.”

பண்டிதர் மெல்லப் பின்னால் நகர்ந்தார். அரசர் கப்பலைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.