காய்ந்த தரைக்குச் சாட்சி சொன்ன செங்கமலத்தம்மையார்

இறைவன் எங்கும் நிறைந்து எல்லாவற்றையும் பார்க்கிறான் என்பதில் நம்மூரில் யாருக்கும் ஐயம் கிடையாது. அதனாலேயோ என்னவோ, காவல் நிலையத்தின் பின்கட்டில் நடப்பதை வேறு யாரும் பார்க்கவில்லை; அங்கே பெருக்கிக் கழிவறை கழுவும் செங்கமலத்தம்மையாரைத் தவிர.

வேலை முடிந்ததும் அம்மையார் வேப்பமரத்தடியில் அமர்ந்து நோட்டில் சிவநாமம் எழுதுவார். பக்கத்தின் கடைசி வரிகளில் அன்று அடிபட்டவரின் பெயரையும் காயத்தையும் எழுதுவார். சிவனிடம் சொல்வதை முழுதாகச் சொல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை.

"என்ன ஆத்தா, கைலாசத்துக்கு முன்பதிவு பண்ணுதியோ?" என்பார் ஏட்டையா.

"ஒங்க பேரும் இருக்குய்யா."

நிலையமே சிரிக்கும்.

ஆடி மாதத்தில், லாரிச் சுமை இறக்கும் மாசாணமுத்து விசாரணைக்குப் போன இடத்தில், அந்த நிலையத்திலேயே இறந்துபோனார். ஈரக் கழிவறையில் வழுக்கி விழுந்தாராம். அவர் மனைவி பேச்சியம்மாள் அம்மையாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நீங்க உள்ளதான இருந்திய? அடிச்சுதான கொன்னாங்க?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது தாயி."

வேலை போய்விடும் என்ற பயம். அன்றைய நோட்டில் அம்மையார் எழுதினார்: "இன்று பேச்சியம்மாளிடம் பொய் சொன்னேன்."

அந்த வாரமே பக்தர் சபையின் சிவநாமம் எழுதும் போட்டி; அம்மையாரும் தம் நோட்டைக் கொடுத்தார். பிறகு யாரும் கூடுதலாக எழுதிச் சேர்க்காதபடி, தலைமை விருந்தினர் ஒவ்வொரு பக்கத்திலும் தேதியிட்டு ஒப்பமிடுவது சபையின் வழக்கம். இம்முறை தலைமை விருந்தினர் அதே காவல் நிலையத்தின் ஆய்வாளர்; பொன்னாடை சரியச் சரிய ஒப்பமிட்டுத் தள்ளினார். அம்மையாருக்கு ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் வாளி கிடைத்தது.

பொய் உறுத்திக்கொண்டே இருந்தது. மனித உரிமை ஆணையம் விசாரிக்க வந்தபோது, வேலை போனால் போகட்டும் என்று அம்மையார் நோட்டோடு போய் நின்றார். அதிகாரி வாசித்தார்: "இன்று குழாயில் தண்ணீர் இல்லை. கழிவறை கழுவவில்லை. தரை காய்ந்திருந்தது. மாசாணமுத்து முதுகெல்லாம் லத்தித் தடம்." அதன் கீழே ஆய்வாளரின் ஒப்பம். அதிகாரி நோட்டை ஆய்வாளர் பக்கம் திருப்பினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"சாமி நோட்டுன்னு நெனச்சேன், சார்."

கொலை வழக்குப் பதியப் பரிந்துரை போயிற்று. பேச்சியம்மாள் அம்மையாரைக் கட்டிக்கொண்டு அழுதார். தன் அடியாரின் எழுத்துக்கு, எதிரியின் கையாலேயே அத்தாட்சி வாங்கித் தந்தான் ஈசன். பயந்தும் எழுதிய அந்தத் துடைப்பக் கைக்கு நம் வணக்கம்.

தெருவில் வேறு யாருக்காவது அலறல் கேட்டதா என்றும் அதிகாரி விசாரித்தார். அந்த நேரத்தில் கோயிலில் இருந்தோம் என்று எல்லோரும் சொன்னோம். அன்று திருப்பணிக்காகக் கோயில் பூட்டியிருந்தது.