மேற்கட்டி சொன்ன சாட்சி

முன்னொரு காலத்தில் சிற்றாழி நாட்டைத் திருமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். காலையில் ஒன்று சொல்வான், சாப்பிட்டு எழுந்ததும் வேறொன்று சொல்வான். இரண்டுக்கும் தலையாட்ட வேண்டியது அரசவையின் வேலை. அதில் கெட்டிக்காரர் சோலைராயர். ஊருக்கு மேற்கே புகைந்த பன்னிரண்டு சுண்ணாம்புக் காளவாய்களும் அவருடையவை.

அந்தப் புகையில் ஊரே இருமியது. தோய்த்துப் போட்ட துணி காய்வதற்குள் கறுத்தது. ஊர்ச்சபையில் ஓர் அங்கத்தினராக இருந்த சலவைக்காரி பூவாயிக்கு இரட்டைக் கோபம். அரண்மனைத் துணிகளை வெளுப்பவளும் அவள்தானே! ஊர்ப்பக்கம் காற்றடிக்கும் நாளில் காளவாய் மூட்டக் கூடாது என்று ஊர்ச்சபை மூன்று முறை ஓலை அனுப்பியது. மூன்றையும் ராயர் காளவாயிலேயே போட்டார்.

ராஜாவிடம் முறையிட்டால், "என் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டேன்" என்பான். அவன் எங்கே புறப்பட்டாலும் இரண்டு நாள் முன்னதாக முரசறைவது அந்நாட்டு வழக்கம். அப்புறம் என்ன? அவன் வருகிற நாளில் ராயர் நெருப்பை அணைத்துவிடுவார். வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும். இரண்டு தடவை இந்தக் கூத்து நடந்தது.

பூவாயியின் மூன்றாவது முறையீட்டின்போது ராயர் முந்திக்கொண்டார். "பிரபு, இவளுக்கு ஒழுங்காக வெளுக்கத் தெரியவில்லை. பழியைப் புகைமேல் போடுகிறாள்!"

ராஜா சீறினான். "இந்தத் தடவையும் புகை இல்லையென்றால் ஊர்ச்சபையைக் கலைத்துவிடுவேன். நீ படித்துறையையும் ஊரையும் விட்டுப் போய்விட வேண்டும்!"

அந்தத் துறையை விட்டால் பூவாயிக்குப் பிழைப்பு ஏது? ஆனாலும் குரல் தடுமாறாமல் சொன்னாள்: "உத்தரவு மகாராசா. நீங்க வர்ற எடத்துல தலைக்கு மேல வெள்ளைத்துணி மேற்கட்டி கட்டுறது எங்க முறை. முரசு அடிக்கிற அன்னைக்கே காளவாய் முற்றத்துல கட்டிடறேன். நீங்க வர்றவரைக்கும் அதை யாரும் அவுக்கக் கூடாது."

"பேஷாகக் கட்டு!" என்றார் ராயர். "நல்ல கெட்டித் துணியாகக் கட்டு. பிரபுவின் தலையில் வெயில் படக் கூடாது பார்!"

முரசு அறைந்தார்கள். ஒருநாள் வேலை கெடுகிறதே என்று ராயருக்கு வயிற்றெரிச்சல். அதை ஈடுகட்ட இரண்டு நாளும் விறகை இரட்டிப்பாகத் திணித்து எரித்தார். நடுநடுவே மேற்கட்டியின் கீழே போய் அண்ணாந்து பார்ப்பார். வெள்ளை வெளேரென்று இருக்கும். "அசட்டுப் பெண்" என்று சிரித்துக்கொள்வார். துணிக்கு மேல்பக்கம் என்று ஒன்று உண்டு என்பது, ஒருநாளும் துணி உலர்த்தாத அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

மூன்றாம் நாள் ராஜா வந்து மேற்கட்டியின் கீழே உட்கார்ந்தான். எங்கும் புகை இல்லை. "பூவாயி, மூட்டையைக் கட்டு!" என்றான்.

பூவாயி கயிற்று முடிச்சில் கை வைத்தாள். ராயருக்கு அதற்குள் பொறுக்கவில்லை. "பாருங்கள் பிரபு, இரண்டு நாளாகக் கட்டியிருந்த துணி! ஒரு பொட்டு அழுக்குண்டா?" என்று மூங்கில் காலைப் பிடித்து ஓங்கி உலுக்கினார்.

அவ்வளவுதான். துணி ஒரு பக்கம் சாய்ந்து, அதன் மேலே படிந்திருந்த இரண்டு நாள் கரியும் சாம்பலும் சரிந்து ராஜாவின் தலையில் கொட்டின. மகுடம் எது, மூக்கு எது என்று தெரியவில்லை. ராஜா தும்மினான், தும்மலும் கறுப்பாக வந்தது.

"இது என்ன?" என்றான்.

"நீங்க பாக்கணும்னு சொன்ன புகைதான் மகாராசா," என்றாள் பூவாயி. "எங்க நெஞ்சுல தினமும் எறங்குறது. இன்னைக்கு உங்க தலையில எறங்கியிருக்கு."

ராஜா வெற்றிலைப் பெட்டியின் வெள்ளி மூடியில் தன் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மூன்று தடவை என்னை முட்டாளாக்கினீரே ராயரே! இந்த உடுப்பை நீரே படித்துறையில் துவைத்துக் கொடும். இனிமேல் பூவாயி சொன்னால்தான் காளவாயில் நெருப்பு!"

அன்றுமுதல் விடிந்ததும் ராயர் படித்துறைக்கு நடப்பார். அங்கே உயரமான கழியில், காற்றின் திசையைக் காட்ட ஒரு வெள்ளைத்துணி தொங்கும். "பூவாயி அம்மா, இன்னைக்குக் காத்து எந்தப் பக்கம்?" என்று கைகட்டி நிற்பார்.

"இருங்க ராயரே, இப்பத்தான் பிழிஞ்சு கட்டியிருக்கேன். காஞ்சு பறக்கட்டும், சொல்றேன்" என்பாள் பூவாயி.